பால்கனி இல்லாத அறை

ஃபோர்ட் லாடர்டேல், ஃபுளோரிடா
செப்டம்பர் 14

அன்புள்ள வெர்னா அக்கா,

நீயும் உன் இடுப்பும் உன் கிழட்டுப் பூனையும் நலந்தானே? நாங்கள் இருவரும் நலம்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி கடைசியில் ஒரு வாரம் கப்பலில் போகிறோம். நீயும் வருகிறாய். இது கேள்வி இல்லை. எனக்கும் ஹார்லனுக்கும் கல்யாணமாகி நாற்பது வருஷம் ஆகிறது. அன்று என் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீ. இந்த நாற்பதாவது வருஷத்துக்கு நீ இல்லாமல் நான் எந்தக் கேக்கையும் வெட்டப்போவதில்லை.

உனக்கு முதல் பயணம் என்பதால் ஒன்றை இப்போதே மண்டையில் ஏற்றிக்கொள். கப்பல் கிளம்பும் நாளன்று விமானம் ஏறக் கூடாது. முதல் நாளே இங்கே வந்துவிட வேண்டும். போன வருஷம் ஒரு ஜோடி பெட்டியை இழுத்துக்கொண்டு துறைமுகத்தில் ஓடி வந்தது. மேல்தளத்தில் நின்ற கூட்டம் கை தட்டி விசிலடித்து உற்சாகப்படுத்தியது. என்ன செய்து என்ன, கயிற்றை அவிழ்த்தாயிற்று. இரண்டு பேரும் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

கீழ்த்தளத்தில், நடுப்பகுதியில், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை கேட்டிருக்கிறேன். நடுவே ஒரு கதவு இருக்கும். பால்கனி, ஜன்னல் எதுவும் கிடையாது. அங்கேதான் ஆட்டம் குறைவு. எல்லாம் உன் வயிற்றை நினைத்துத்தான்.

பதிலை எழுதியே அனுப்பு, தொலைபேசி வேண்டாம். எழுத்து என்றால் திரும்பப் படித்துப் பார்க்கலாம்.

உன் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,
மார்லிஸ்

⁂

டுலூத், மின்னசோட்டா
செப்டம்பர் 29

அன்புத் தங்கை மார்லிஸுக்கு,

இங்கே நான், பூனை, இடுப்பு மூவரும் சுகம். முதல் உறைபனி விழுந்துவிட்டது. தக்காளியை எல்லாம் பச்சையாகவே பறித்து ஊறுகாய் போட்டாயிற்று.

நீ ஐந்து வயதிலிருந்தே இப்படித்தான். முடிவை எடுத்துவிட்டு அப்புறம்தான் ஆளைக் கூப்பிடுவாய். எழுபத்து மூன்று வயதுவரை நான் விமானம் ஏறியதில்லை. காலையிலும் மாலையிலும் இன்சுலின் ஊசி. இருபது அடி நடந்தால் இடுப்பு எங்கே நாற்காலி என்று கேட்கிறது. கப்பலில் நாள் முழுக்கச் சாப்பாடு போடுவார்களாமே. சர்க்கரைக்காரிக்கு அது சொர்க்கமா நரகமா? இந்தப் பூனைக்கு யார் சோறு வைப்பது?

இன்னொன்று. உன் கடிதங்களின் அடியில் ஹார்லன் ஒரு வரி எழுதுவாரே. 'தென்கிழக்குக் காற்று. எல்லாம் நலம். ஹா.' ஏரியில் இரும்புத்தாது ஏற்றும் கப்பலுக்குச் சுக்கான் பிடித்த காலத்துப் பழக்கம். நீ இரண்டு பக்கம் வளவளப்பதை விட அந்த ஒரு வரியில்தான் எனக்கு உங்கள் வீடு தெரியும். கோடைக்காலத்திலிருந்து அந்த வரியைக் காணோம். மனுஷருக்கு என்மேல் கோபமா?

இருவருக்கும் என் அன்பு,
வெர்னா

⁂

ஃபோர்ட் லாடர்டேல்
அக்டோபர் 10

அன்பு அக்கா,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். நீ வரமாட்டேன் என்று எழுதவில்லை. அது போதும் எனக்கு.

பூனையை எதிர்வீட்டு நில்ஸனிடம் விடு. கிறிஸ்துமஸுக்கு உன் கையால் உருளைக்கிழங்கு லெஃப்சா ரொட்டி சுட்டுக் கொடுத்தால் அந்த ஆள் புலியைக்கூட வளர்ப்பார்.

இன்சுலினை விமானத்தில் பெட்டிக்குள் போட்டு அனுப்பாதே. சரக்கு அறையின் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுவிடும். பெட்டி வேறு ஊருக்குப் போனாலும் போகும். மருந்து, ஊசி, டாக்டர் கையெழுத்துப் போட்ட கடிதம் எல்லாம் உன் கைப்பையில் இருக்கட்டும். எவ்வளவு தேவையோ அதைப் போல இரு மடங்கு எடுத்துக்கொள். கூடவே கொஞ்சம் மிட்டாய், சர்க்கரை இறங்கினால் உதவும். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடு. கௌரவம் பார்க்காதே. மினியாபொலிஸில் விமானம் மாற நேரம் நிறைய விட்டுக்கொள். ஏறும்போதும் இறங்கும்போதும் சூயிங்கம் மென்றால் காது அடைக்காது.

துறைமுகத்தில் போர்ட்டர்கள் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது உன் அறைக்கு வர சாயங்காலம் ஆகும். அப்போதும் கைப்பை உன்னோடு இருக்க வேண்டும். கடைசி நாள் ராத்திரி இதே கதைதான், தலைகீழாக. சாப்பாடு முடிந்ததும் பெட்டியை அறைவாசலில் வைத்துவிட வேண்டும். மறுநாள் கரையில்தான் திரும்பக் கிடைக்கும். காலையில் உடுத்த ஒரு செட் துணியை மறக்காமல் வெளியே எடுத்துவை!

இந்த வசந்தத்தில் ஹார்லன் என்ன செய்தார் தெரியுமா? நான் குளித்துவிட்டு வருவதற்குள் எங்கள் இருவர் துணியையும், செருப்பு வரைக்கும், பெட்டியில் அடைத்து வாசலில் வைத்துவிட்டார். "வேலை முடிஞ்சுது, மூட்டை கட்டியாச்சு" என்றார். காலையில் மனுஷர் கோடு போட்ட பைஜாமாவில் கப்பலைவிட்டு இறங்கினார். நான் என் நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகிவிட்டது போ.

அவருக்கு உன்மேல் கோபமெல்லாம் இல்லை. கொட்டகையில் ஏதோ வேலையாக இருக்கிறார், அதனால்தான் வரி எழுதவில்லை.

முத்தங்களுடன்,
மார்லிஸ்

⁂

டுலூத்
அக்டோபர் 27

அன்பு மார்லிஸ்,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல், இம்முறை நிஜமாகவே ஆவல்.

டாக்டரிடம் போய்க் கடிதம் வாங்கிவிட்டேன். "வெர்னா, உங்க வயசுல இதைத்தான் செய்யணும். நல்லா தின்னுட்டு வந்து எங்கிட்ட பொய் சொல்லுங்க" என்றார். நில்ஸனும் பூனையைப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டார். தேவாலயத்தில் காபி குடிக்கும்போது ஹார்லனின் பைஜாமா கதையைச் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தேன். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த அறை விஷயத்தைச் சொல். நீ அனுப்பிய கப்பல் படங்கள் எல்லாவற்றிலும் ஹார்லன் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பால்கனி இல்லாத அறை அவருக்குச் சவப்பெட்டி மாதிரி என்று நீதான் எழுதினாய். இப்போது ஜன்னல்கூட இல்லாத அறை, கேட்டால் என் வயிறு. அடியே, அப்பாவின் மீன்படகில் வாந்தி எடுத்தது யார்? நானா? நான் பக்கத்தில் உட்கார்ந்து மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டதும் நான்தான்.

நடுவே கதவு எதற்கு? எனக்குக் குறட்டை உண்டு என்பது உனக்குத் தெரியும்.

பதில் எழுது.
வெர்னா

⁂

ஃபோர்ட் லாடர்டேல்
நவம்பர் 30

அன்பு அக்கா,

சுகந்தானே? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். விருந்தாளிகள் வந்திருந்தார்கள், மூச்சுவிட நேரமில்லை. நன்றி தெரிவிக்கும் பண்டிகைக்கு இம்முறை வான்கோழி வைக்கவில்லை. முட்டையும் ரொட்டியும் போதும் என்று இருந்துவிட்டோம்.

சில குறிப்புகள். வழுக்காத செருப்பு கொண்டு வா, தளம் ஈரமாக இருக்கும். குமட்டினால் பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் தின்றால் போதும். காதுக்குப் பின்னால் ஒட்டும் மருந்துப் பட்டையை டாக்டரைக் கேட்காமல் வாங்காதே. சாப்பிடப் போகும்போதெல்லாம் கை கழுவு, கப்பலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஊருக்கே வரும். ஏறிய அன்றைக்கே லைஃப் ஜாக்கெட் ஒத்திகை இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். உன் காப்பீடு அமெரிக்காவுக்கு வெளியே செல்லுமா என்று கேள். செல்லாது என்றால் பயணத்துக்குத் தனியாக ஒன்று எடு. கப்பல் டாக்டர் நல்லவர், ஆனால் இலவசமில்லை.

வேறு விசேஷமில்லை.
மார்லிஸ்

⁂

டுலூத்
டிசம்பர் 7

என் மார்லிஸ்,

நலமா என்று இந்தத் தடவை கேட்கமாட்டேன்.

விருந்தாளிகள் வந்தார்கள் என்கிறாய். அவர்களுக்கு முட்டையும் ரொட்டியும் போட்டாய் என்கிறாய். கல்யாணமான முதல் வருஷம் மூன்று பேருக்காக முப்பது பேர் தின்னும் வான்கோழியை வாங்கியவள் நீ. பொய் சொல்ல நீ என்றைக்குமே லாயக்கில்லை. செருப்பிலிருந்து காப்பீடு வரைக்கும் எழுதிவிட்டு, நான் கேட்ட ஒன்றுக்குப் பதில் எழுதவில்லை.

அதனால் நானே சொல்கிறேன். பால்கனி வேண்டாம் என்பது என் வயிற்றுக்காக அல்ல. தொலைபேசி வேண்டாம் என்பது நான் திரும்பப் படிப்பதற்காக அல்ல, நீ பேசும்போது ஹார்லன் பக்கத்தில் நிற்பதால். கொட்டகையில் அவருக்கு வேலை எதுவும் இல்லை. பைஜாமாவைப் பார்த்து அன்று நீ சிரித்ததும் பொய்.

அவருக்கு மறதி நோய். சரியா?

நேற்று விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். இதைப் படித்துவிட்டு நீ என்ன எழுதினாலும் நான் வருகிறேன்.

உன் அக்கா,
வெர்னா

⁂

ஃபோர்ட் லாடர்டேல்
டிசம்பர் 16

வெர்னா,

உன் கடிதத்தைக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு படித்தேன். அழுதால் அவருக்குக் கேட்கக் கூடாது.

சரிதான், இரண்டு வருஷமாக. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் பெயர். என்னை இன்னும் தெரிகிறது. பழைய கப்பல்காரர்கள் பெயர் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. காற்று வரியை எழுதக் காகிதத்தைக் கொடுத்தால் பேனாவைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதைப் பார்க்க முடியாமல் நானே காகிதத்தை எடுத்துவிடுவேன்.

வசந்தத்தில் நடந்ததைப் பாதிதான் எழுதினேன். அந்தப் பயணத்தில் ஒருநாள் விடியலில் கண் விழித்தேன், படுக்கையில் ஆளில்லை. பால்கனிக் கம்பிமேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டபடி, "கயிறு எங்க? கயிறு குடுங்கடா, கரை வந்திருச்சு" என்று கீழே கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். எப்படிப் பிடித்து இழுத்தேன் என்று எனக்கே தெரியாது.

இனிக் கப்பல் வேண்டாம் என்கிறார் டாக்டர். வீட்டில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றுகிற மனுஷர், கப்பலில் கால் வைத்தால் நிமிர்ந்து நிற்கிறார் அக்கா. இன்னும் ஒரே ஒரு தடவை அவரை அப்படிப் பார்க்க வேண்டும் எனக்கு. தனியாக முடியாது, நான் தூங்கினால் கதவைத் திறந்துவிடுவார். துணைக்கு வா என்று கேட்க வெட்கமாக இருந்தது. உன் முதல் பயணத்தைக் காவல் வேலையாக்கலாமா? அதனால்தான் விருந்துக்கு அழைப்பது போல அழைத்தேன்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை.

மார்லிஸ்

⁂

டுலூத்
ஜனவரி 8

அசட்டுத் தங்கைக்கு,

புத்தாண்டு வாழ்த்து. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதாம். அது கேட்டு வாங்கிய ஜன்னலோர இடம்.

இத்தனை நாள் நீ எனக்குப் புத்தி சொன்னாய். இப்போது என் முறை. அவர் டாக்டரிடம் இன்னொரு தரம் போ. கப்பல் டாக்டருக்கு ஒரு கடிதமும் மருந்துப் பெயர்களும் எழுதி வாங்கு. ஏறியதும் அறையைச் சுத்தம் செய்ய வரும் பையனிடமும் வரவேற்பிலும் மறைக்காமல் விஷயத்தைச் சொல். அறை எண்ணும் உன் பெயரும் எழுதிய அட்டையை அவர் சட்டைப்பையில் வை. துறைமுகக் கூட்டத்தில் ஒரு கை உனக்கு, ஒரு கை எனக்கு. நான் இடுப்பு வலிக்காரி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நான்தான் அவர் துணையில் நடக்கிறேன் என்று அவருக்கும் தோன்றும்.

அப்பாவின் பனிவண்டிக் குதிரைக்குக் கட்டிய மணி என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். உங்கள் அறைக்கதவில் மாட்டுவோம். நடுக்கதவு திறந்தே இருக்கட்டும். மணி அடித்தால் நான் எழுகிறேன், நீ தூங்கு. நீ தூங்குவதற்குத்தான் நான் வருகிறேன்.

இங்கே பெரும்பனி வரும் என்கிறார்கள். முதல் நாள் போதாது என்று விமானத்தை இன்னும் முன்னதாகவே மாற்றிவிட்டேன். உன் மாணவி எப்படி?

சூயிங்கம் வாங்கிவிட்டேன்.
வெர்னா

⁂

ஃபோர்ட் லாடர்டேல்
பிப்ரவரி 9

என் அருமை அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? காது அடைத்ததா? சர்க்கரை எவ்வளவு? டாக்டரிடம் பொய் சொல்லியாயிற்றா?

வீடு வெறிச்சென்று இருக்கிறது. மேல்தளத்தில் நம் இருவருக்கும் நடுவே அவர் நின்ற விதத்தை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். கேக் வெட்டும்போது அவர் என் பக்கம் சாய்ந்து உன்னைக் காட்டி, "அந்தம்மா ரொம்ப நல்லவங்க, யாரு அவங்க?" என்று என்னைக் கேட்டார். வாரம் முழுக்க உன்னை அந்தம்மா, அந்தம்மா என்றுதான் சொன்னார். நீ முகம் சுளிக்கவில்லை. "அந்தம்மாவுக்கு இன்னொரு துண்டு கேக் வேணுமாம்" என்று நீயே சொல்லித் தட்டை நீட்டினாய்.

கடைசி நாள் சாப்பாடு முடிந்து வந்ததும் மூவருக்கும் காலைத் துணியை நாற்காலியில் மடித்து வைத்தேன். உன்னுடையதையும் நானேதான் வைத்தேன். கொஞ்சம் தலை சாய்ப்போம் என்று படுத்தவள், எத்தனையோ மாதத்துக்கப்புறம் நினைவில்லாமல் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் நாற்காலி காலி. மூட்டை கட்டியாயிற்று! படுக்கையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மறுபடியும் அவரை எல்லோரும் பார்த்துச் சிரிக்கப்போகிறார்களே என்று.

அப்போது நடுக்கதவில் நீ வந்து நின்றாய். கணுக்கால் வரை சிவப்புக் கட்டம் போட்ட ஃபிளானல் நைட்டி, தோளில் இன்சுலின் பை. "அடியே, நானும் எல்லாத்தையும் வெளிய வெச்சுத் தொலைச்சிட்டேன். வா, மூணு பேரும் ராஜா ராணி மாதிரி இறங்குவோம்" என்றாய்.

சுங்க அதிகாரி முகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "என்னங்க இது, குடும்பத்தோடயா?" என்று கேட்டான். இவர் பைஜாமா காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "இப்பத்தான் தம்பி டூட்டி முடிஞ்சு வர்றோம்" என்றாரே! ஒருவரும் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மூன்று பேரையும் பார்த்துத்தான் சிரித்தார்கள். நாமும் சேர்ந்து சிரித்தோம். இந்தத் தடவை நான் சிரித்தது பொய் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். நீ மறக்கிற ஆள் இல்லை. கதவைத் திறந்திருந்தால் மணி அடித்திருக்க வேண்டுமே. அன்றைக்கு மணி அடித்ததா?

உன்னைக் கட்டிக்கொள்ளும்,
மார்லிஸ்

வடகிழக்குக் காற்று. எல்லாம் நலம். ஹா.

(பார்த்தாயா? தானாகவே பேனாவைக் கேட்டு எழுதினார். நிஜத்தில் காற்று தெற்கிலிருந்து வீசுகிறது. நான் திருத்தவில்லை.)

⁂

டுலூத்
பிப்ரவரி 20

அன்பு மார்லிஸ், அன்பு ஹார்லன்,

வந்து சேர்ந்தேன். நான் சுகம். பூனை என்னைக் கண்டுகொள்ளவே இல்லை, நில்ஸன் வீட்டிலேயே இருந்துவிடலாமா என்று யோசிக்கிறது. டாக்டரிடம் கேக் ஒரே துண்டு என்று சொன்னேன். நம்பவில்லை.

ஹார்லனின் வரியைக் கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். மார்லிஸ், இனி உள்ளதை நீ மட்டும் படி.

மணி அடித்தது. கேட்டதும் எழுந்து வந்தேன். நீ வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய். ஹார்லன் நம் துணியெல்லாம் அடைத்த பெட்டிகளை வாசலில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே இழுத்துப் போடத்தான் போனேன். சத்தியமாக. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வெர்னா, உன் மூட்டை எங்க? சீக்கிரம் கொண்டா. கடைசி ஆளா நிக்காத" என்றார்.

வெர்னா என்றார், மார்லிஸ். வாரம் முழுக்க அந்தம்மாவாக இருந்தவளை, உன் கல்யாணத்தன்று கூப்பிட்ட அதே குரலில். அப்படிக் கூப்பிட்ட மனுஷரிடம் பெட்டியைக் கொடுக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஓடிப்போய்க் கொண்டு வந்து கையில் கொடுத்தேன். வாங்கி, உன் பெட்டிக்கும் அவர் பெட்டிக்கும் நடுவில் வைத்தார். இன்சுலின் பையை மட்டும் கொடுக்கவில்லை. உன் கட்டளையை மீற எனக்குப் பயம்.

காலையில் அவர் என்னை மறுபடி அந்தம்மா என்றார். எனக்குக் குறையில்லை.

ஏப்ரலில் பனி உருகியதும் உங்களிடம் வருகிறேன். நில்ஸன் பூனையைத் தனக்கே எழுதி வைக்கச் சொல்கிறார். விமானத்துக்கு இப்போது பயமில்லை. திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. உன்னிடம் விட்டுவந்த மணியை வீட்டுக் கதவில் மாட்டிவை. ராத்திரிக்கு நான் இருக்கிறேன், நீ தூங்கு.

என் பெட்டி பத்திரமாகக் கரை சேர்ந்தது என்று அவரிடம் சொல்.

உன் அக்கா,
வெர்னா